அசையாத காதுகள்

"அந்தத் தனகோடியை நான் சும்மா விடப்போறதில்லீங்க!" என்று கத்திக்கொண்டேதான் தமிழ்நிலா, துப்பறிவாளர் அமுதவல்லியின் அறைக்குள் நுழைந்தாள்.

இடையஞ்சாவடியில் குதிரையேற்றப் பள்ளி நடத்துபவள் அவள். இசைக்கேற்பக் குதிரையை நடைபோட வைக்கும் டிரெசாஜ் போட்டிக்காக, மரக்காணத்தில் உப்பளம் வைத்திருக்கும் தனகோடியிடம் ஒரு செம்பழுப்புக் குதிரை வாங்கியிருந்தாள். உப்பள மேட்டிலேயே ஏறி ஓட்டிப் பார்த்தபோது அது அத்தனை சாந்தமாக இருந்தது. பள்ளிக்கு வந்து, ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டதும் வெறிபிடித்து ஓடி, மாணவி பொன்னியைத் தூக்கி எறிந்துவிட்டது. பொன்னி இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள்.

"குதிரையை மாத்திட்டாங்க மேடம்!" என்று துள்ளினான் உதவியாளன் சகாயராஜ்.

உப்பளத்தில் ஓட்டிப் பார்த்த அன்று பொன்னி செல்போனில் எடுத்த வீடியோவை அமுதவல்லி ஓடவிட்டாள். "நெத்திச் சுழியைப் பாரு. அதே குதிரைதான்."

"அப்ப மயக்க ஊசி!"

"ஊசி போட்ட குதிரை காலை இவ்ளோ அழகா தூக்காதுப்பா."

வீடியோவில் உப்பு லாரி ஒன்று குதிரையின் பின்னால் வந்து ஹாரன் அடித்தது. குதிரை மேலிருந்த தமிழ்நிலா திடுக்கிட்டாள். உப்பு சுமந்த பெண்கள் திரும்பினார்கள். ஈத்தொல்லைக்காகக் காதில் சிவப்பு நூல் தொப்பி மாட்டியிருந்த குதிரை மட்டும் நடந்துகொண்டே இருந்தது.

"இதைப் பார்த்துத்தாங்க வாங்கினேன்," என்றாள் தமிழ்நிலா பல்லைக் கடித்தபடி.

அமுதவல்லி அந்த இடத்தை மறுபடி ஓடவிட்டுவிட்டு, காரை எடுக்கச் சொன்னாள்.

உப்பளத்தில் தனகோடியுடன் தரகன் கௌதமனும் காத்திருந்தான். தமிழ்நிலாவின் பள்ளிக்கு வெகுகாலமாகத் தீவனம் கொடுப்பவன். இந்தக் குதிரையைக் காட்டி, கமிஷன் வாங்கியதும் அவன்தான்.

"ஒரு பொண்ணை முடமாக்கிட்டியேய்யா!" தமிழ்நிலா தனகோடியின் மேல் பாய்ந்தாள்.

கிழவர் அதிர்ந்துபோனார். "சத்தத்துக்கு மிரளும், சவாரிக்கு ஆகாதுன்னு சொல்லித்தானேம்மா குடுத்தேன்!"

"யார்கிட்ட சொன்னீங்க?" என்று கேட்டாள் அமுதவல்லி.

"இந்தத் தம்பிகிட்டதான்."

"பெருசு புளுகுது மேடம்," என்று சிரித்தான் கௌதமன்.

அமுதவல்லி வீடியோவை நீட்டினாள். "எவ்ளோ சாந்தமான குதிரையா இருந்தாலும் முதுகுக்குப் பின்னால ஹாரன் அடிச்சா காதைத் திருப்பும். இது திருப்பலை. ஏன்னா இதுக்கு ஹாரனே கேக்கலை. தொப்பிக்குள்ள காதை யாரோ அடைச்சிருக்காங்க. அது நீங்களா தனகோடி?"

"காதை அடைக்கிறதா? எதை வெச்சும்மா?" கிழவர் விழித்தார்.

"தொப்பி யாரோடது?"

"தம்பிதான் வாங்கியாந்து மாட்டுச்சு, கழட்டிக்கிட்டுப் போனதும் அதுதான்."

"தொப்பி மாட்டினது நான்தான்," கௌதமனின் குரல் உயர்ந்தது. "அதுக்குள்ள பஞ்சு வெச்சது நான்னு எப்படிச் சொல்லுவீங்க?"

"அடைச்சிருக்காங்கன்னுதானே சொன்னேன்? பஞ்சுன்னு யாரும் சொல்லலையே," என்றாள் அமுதவல்லி.

கௌதமன் ஓரடி பின்வாங்கினான். தமிழ்நிலா அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து ஓங்கி ஓர் அறை விட்டாள். இரண்டாவது அறையையும் பார்த்த பிறகுதான் அமுதவல்லி அவள் கையைப் பிடித்தாள்.

தனகோடியின் பக்கம் திரும்பி, மன்னிப்புக் கேட்டுக் கைகூப்பினாள் தமிழ்நிலா. அவர் தலையை மட்டும் அசைத்தார்.

"மேடம், ஸ்டேஷனுக்கா?" என்றான் சகாயராஜ், காரின் கதவைத் திறந்து.

"அது அப்புறம்." தமிழ்நிலா கௌதமனை உள்ளே தள்ளினாள். "முதல்ல ஆஸ்பத்திரி. பொன்னி மூஞ்சைப் பார்த்து இவன் வாயாலயே சொல்லட்டும்."