மூன்றாவது இலை

டெலிபோன் அலறியது.

யதுர்ஷிகா பாய்ந்துபோய் எடுத்தாள். வவுனியா விவசாய அலுவலகத்தில் பழப்பயிர்களுக்குப் பொறுப்பானவள் அவள். வழக்கமாகப் பப்பாசிக்கு நோய், மாதுளைக்குப் பூச்சி என்றுதான் அழைப்பு வரும்.

இன்றைக்கு அப்படியில்லை. ஒரு மனிதனின் வாழ்வா சாவா என்பது அந்த வயரில் தொங்கிக்கொண்டிருந்தது!

"ஆய்வுகூடத்தில இருந்து கணபதி கதைக்கிறன். ரிப்போர்ட் வந்திட்டுது, பிள்ளை."

வாசல் வாங்கிலிருந்து ஹவ்வா உம்மா எழுந்து நின்றுவிட்டார். நாலு மாதமாக அந்த வாங்கில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. அவருடைய மகன் முன்ஸிர், பழ வியாபாரி, கொலைக் குற்றத்தில் விளக்கமறியல் சிறையில் இருக்கிறான்.

செத்தது பொன்னையா.

ஐப்பசியில் ஒரு விடியற்காலை, தன் திராட்சைப் பந்தலின் கீழே, கல்தூணில் மண்டை பிளந்து கிடந்தார். முந்திரிகை என்று ஊர் சொல்லும் அந்தத் திராட்சையில், அவருடைய கொடியைப் போல இன்னொன்று வன்னியில் எங்கும் கிடையாது. அத்தனை இனிப்பு! கவாத்துப் பண்ணி விழுகிற தடியைக் கேட்டவர்களுக்கு நட்டுக்கொள்ளக் கொடுப்பது ஊர் வழக்கம். பொன்னையா கொடுக்கமாட்டார். கடைசிக் குச்சிவரை எரித்துச் சாம்பலாக்கிவிட்டுத்தான் தேத்தண்ணி குடிப்பார். அப்படி ஒரு கஞ்ச மனுசன்.

அன்றைக்கே முன்ஸிரின் பழம் ஏற்றும் வான் வண்டிக்குள் ஒரு கட்டுத் திராட்சைத் தடி அகப்பட்டது.

"அது எங்கட வீட்டுக் கொடி" என்றான் முன்ஸிர்.

யார் கேட்டது? தடிக்காகக் கொன்றான் என்று வழக்கு. நீதவானிடம் அனுமதி வாங்கி, இலைகளை மரபணுச் சோதனைக்கு அனுப்பியவள் யதுர்ஷிகாதான்.

"சொல்லுங்கோ சேர். முன்ஸிர் வச்சிருந்தது பொன்னையாவின்ர முந்திரிகையோ?"

"இல்லை."

யதுர்ஷிகாவின் கண்கள் நிறைந்துவிட்டன. வாசலைப் பார்த்துத் தலையசைத்தாள்.

"தடி வெட்டி நட்டதெண்டால் ரெண்டும் நூற்றுக்கு நூறு ஒண்டாய் இருக்கும். இதில பாதிதான் பொருந்துது. முன்ஸிரின்ர கொடி தாய். பொன்னையாவின்ர கொடி அதின்ர கொட்டையில முளைச்ச பிள்ளை. தகப்பன் ஆரெண்டு தெரியேல்லை."

கேட்டதை அவள் அப்படியே திருப்பிச் சொல்ல, ஹவ்வா உம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கட கொடியா மகள்? தொண்ணூறில எங்கட முஸ்லிம் சனத்தை ஊரை விட்டு விரட்டேக்க ஒரு தடியை ஈரச் சாக்கில சுத்திப் புத்தளத்துக்குக் கொண்டு போனன். வானில இருந்தது அதின்ர தடிதான். மிச்சக் கொடி காணியில நிண்டது. பொன்னையா அதிலதான் கொஞ்சக் காலம் குடியிருந்தவர்."

"பழத்தைத் திண்டு கொட்டையைத் துப்பியிருப்பார், உம்மா."

"அவர் துப்பின கொட்டைக்கா என்ர பிள்ளை நாலு மாசம் உள்ள கிடந்தான்?"

அழுதுகொண்டே, மகள் ஸுல்பாவுக்குச் சொல்ல ஓடினார்.

"பிள்ளை, லைன்ல இருக்கிறியளோ?" என்றார் கணபதி. "உங்கட பக்கம் ஒரு பிழை நடந்திருக்குது."

"என்ன பிழை, சேர்?"

"ஒப்பிட்டுப் பாக்கச் சாதாரண யாழ்ப்பாணத்து முந்திரிகை எண்டு மூண்டாவதா ஒரு இலை அனுப்பினனீங்கள். அது சாதாரணமில்லை. பொன்னையாவின்ர கொடியேதான். நூற்றுக்கு நூறு!"

யதுர்ஷிகா அந்த மூன்றாவது இலையை நினைத்துப் பார்த்தாள்.

ஒப்பிடுவதற்கு எந்தத் திராட்சை இலையும் போதும். அன்றைக்கு நல்ல வெயில்... தோட்டம் தோட்டமாக அலைய அலுப்பு. அவள் வீட்டுக் கிணற்றடியில் புருஷன் தயாபரன் நட்ட தடி துளிர்த்திருந்தது. அதில் ஒரு இலையைக் கிள்ளினாள்.

தயாபரன் அதை நட்டது எப்போது?

பொன்னையா செத்த அதே வாரம்! சிநேகிதன் யாழ்ப்பாணத்திலிருந்து கொடுத்தனுப்பியது என்றான். வலது கையில் கட்டுப் போட்டிருந்தான். சைக்கிள் செயின் வெட்டியது என்றான். ஏன் நம்பாமல் இருப்பாள்? பத்து வருடத்தில் அவளிடம் ஒரு பொய் சொன்னவனில்லை.

"சேர்... ரிப்போர்ட்டை நீதவான் கோட்டுக்கு அனுப்பாதேங்கோ. வேற இலை அனுப்புறன்."

"காலமையே அனுப்பியாச்சே. வெள்ளிக்கிழமை வழக்கெண்டு அவசரப்படுத்தினது நீங்கள்தானே? எந்த இலை எங்க எடுத்ததெண்டு நீங்கள் எழுதித் தந்த தாளும் அதோட போகுது. நல்ல வடிவான கையெழுத்து, பிள்ளை."

தொலைபேசி வைக்கப்பட்டது.

வெளியே மோட்டார் சைக்கிள் சத்தம். பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வந்த தயாபரனின் கையில் சோற்றுப் பார்சல். அவளுக்கல்ல. கிழமைக்கு ஒருநாள் முன்ஸிருக்குச் சோறு கொண்டுபோகிறவன் அவன். ஆய்வுகூடத்துக்குப் போன இலைப் பொதியைக் கண்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டவனும் அவனேதான்.

"உம்மா றோட்டில என்னைக் கட்டிப்பிடிச்சு அழுறா. முன்ஸிரை விடுவினமாம்." அவன் முகத்தில் உண்மையான சந்தோசம். "அவன் ஒண்டும் செய்யேல்லை எண்டு எனக்குத் தெரியும்."

"எப்பிடித் தெரியும்?"

அவன் பார்சலை மற்றக் கைக்கு மாற்றினான்.

"மூண்டாவது இலையும் பொன்னையாவின்ர கொடியாம். ரிப்போர்ட் கோட்டுக்குப் போயிட்டுது."

"அதை எங்க எடுத்தனீர்?"

"எங்கட கிணத்தடியில."

பொய் சொல்லுங்கோ என்று மனசுக்குள் மன்றாடினாள். ஒரே ஒரு பொய்... அவள் நம்பத் தயாராக இருந்தாள்.

தயாபரன் கதிரையில் மெல்ல உட்கார்ந்தான். பார்சலை மடியில் வைத்துக்கொண்டான்.

"ஒரு தடிதான் கேட்டனான். தரேல்லை. களவா வெட்டேக்க கையைப் பிடிச்சார். கத்தி என்ர கையில பட்டிட்டுது. தள்ளினன்... பின்னால தூண் நிண்டதைப் பாக்கேல்லை."

மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள் யதுர்ஷிகா. ஒருவனை மீட்கப் போய் இன்னொருவனைத் தன் கையெழுத்திலேயே உள்ளே அனுப்பிவிட்டாள். இனி எதையும் மாற்ற முடியாது.

தயாபரன் அவள் தலையைத் தடவினான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"வவுனியா முழுக்க முந்திரிகைப் பந்தல் நிக்குது... ஒரு இலை கிள்ள உமக்கு எங்கட வீடுதானா கிடைச்சது?"