ஏழாம் நம்பர் கிணற்றின் தரம்

டேப்பில் தேய்த்த சாக்பீஸ் நனைந்து வரவில்லை. துடைத்து வந்திருந்தது.

சின்னையன் அதை வெயிலில் பிடித்துப் பார்த்தான். கிணற்றின் தண்ணீர் மட்டத்தை அளக்க, இரும்பு டேப்பில் சாக்பீஸை வெள்ளையாகத் தேய்த்து இறக்குவார்கள். தண்ணீர் தொட்ட இடம் வரைக்கும் கறுத்து, நேர்கோடாக வரும். பதினாறு வருஷமாக அவன் பார்ப்பது அந்தக் கோட்டைத்தான். இன்று கோடு இல்லை. பன்னிரண்டாவது மீட்டரில், நான்கு விரல் அகலத்துக்கு, வெள்ளை காணாமல் போயிருந்தது.

மூன்று மாதத்துக்குப் பிறகு இன்றுதான் அந்த இரும்பு மூடியைத் திறந்தான். மூக்கைப் பொத்திக்கொண்டு திறந்தான், நாற்றம் வரும் என்று அவனுக்குத் தெரியும். வரவில்லை. சித்திரை மாதத்து உச்சி வெயிலில் சந்தைத் திடலின் புழுதியும், காய்ந்த சாணமும், பக்கத்துக் கொப்பரைக் களத்தின் எண்ணெய்க் காந்தலும் ஒன்றாக வெந்துகொண்டிருக்க, அந்த வட்டக் குழியிலிருந்து மட்டும் குளிர்ச்சியாக, அப்போதுதான் தண்ணீர் தெளித்துக் கட்டிவைத்த கீரையின் வாசனை மேலே ஏறி வந்துகொண்டிருந்தது.

நாற்றமே தேவலை என்றிருந்தது.

மருதாத்தாள் பெருமாட்டி கிராமத்திலிருந்து கூடை சுமந்து வந்து, அந்தக் கிணற்றடியில்தான் கீரை விற்பாள். தை மாத முதல் செவ்வாய் அன்று சின்னையன் அளந்துவிட்டு, மூடியைச் சாத்தாமல் டீ குடிக்கப் போனான். திரும்பி வந்தபோது கூடை இருந்தது, அவள் இல்லை. கிணற்றுக்குள் என்னவோ தண்ணீரைத் தட்டுகிற சத்தம். தவளை என்று நினைத்தான். நினைத்தானா, நினைத்துக்கொண்டானா, அது அவனுக்குத்தான் வெளிச்சம். எட்டிப் பார்க்காமல் மூடியைச் சாத்திப் பூட்டினான். சாயங்காலம் ஊரே அவளைத் தேடியது. பூட்டிய கிணற்றை எவன் தேடுவான்? பொள்ளாச்சி பஸ்ஸில் எவனோடோ போய்விட்டாள் என்று பேச்சு வந்தது. அந்தப் பேச்சை முதலில் பேசியவன் சின்னையன்.

அப்புறம் அவன் மூடியைத் தொடவில்லை. வீட்டில் உட்கார்ந்தே தினமும் நோட்டில் எழுதினான். பன்னிரண்டு மீட்டர். மறுநாளும் பன்னிரண்டு மீட்டர்.

இப்போது டவுனில் இருக்கிற பதினோரு அளவுக் கிணறுகளையும் தரம் பிரிக்கிறார்கள். மூன்றாம் தரம் என்றால் இனி அளக்க வேண்டாம், மேலே கல்லைப் போட்டு சிமெண்ட் பூசிவிடுவார்கள். முதல் தரம் என்றால் தூர் வாரி, உள்ளே அளக்கிற மிஷின் வைப்பார்கள். தூர் வாரினால் அடியில் கிடப்பது வெளியே வரும். பூட்டுக்கு ஒரே சாவி, அது அவன் அரைஞாண் கயிற்றில் தொங்கியது. மூன்றாம் தரம் கிடைத்தால் பிழைத்தான். நாளைக்கு ஓவர்சியர் வருகிறார்.

எதிரே டீக்கடையிலிருந்து ஆறுமுகசாமி குரல் கொடுத்தார். “ஏனுங்க சின்னையண்ணா, கிணத்துக்கெல்லாம் பரீட்சை வெக்கறாங்களாமா? உங்குளது பாஸாயிருமுங்களா?”

சின்னையன் மறுபடி சாக்பீஸ் தேய்த்து இறக்கினான். டேப் தண்ணீரைத் தொடுகிற சின்னச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றான். சத்தம் இல்லை. கீழே யாரோ கையில் வாங்கிக்கொண்டதுபோல் டேப் தளர்ந்தது. சுருட்டினான்.

இந்தத் தடவை பத்தாவது மீட்டரில் துடைத்திருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஓவர்சியர் ஜீப்பில் வந்தார். திருச்சூர்க்காரர். சின்னையன் முந்திக்கொண்டான். தண்ணீர் உப்பு, சுவர் இடிகிறது, பிள்ளைகள் விளையாடுகிற இடம், மூன்றாம் தரம் போட்டு மூடிவிடுங்கள் என்று கெஞ்சினான். ஓவர்சியர் நோட்டைப் புரட்டிக்கொண்டே சிரித்தார்.

“உன் கிணறு நல்ல பிள்ளையாணு, கேட்டோ. இந்த வறட்சியில டவுன் முழுக்க தண்ணி கீழ போயாச்சு. இது மாத்திரம் மூணு மாசமா ஒரே அளவு. நீ எழுதினதல்லே?”

சின்னையன் வாயைத் திறந்தான். எழுதியது பொய் என்றால், கிணற்றை ஏன் திறக்கவில்லை என்று கேட்பார்கள். வாயை மூடிக்கொண்டான். அவன் பொய்யே கிணற்றுக்கு முதல் தரம் வாங்கித் தந்துவிட்டது.

ஒரு தடவை அளந்து காட்டு, எழுதிக்கொண்டு போகிறேன் என்றார் ஓவர்சியர்.

டேப்பின் தோல்வாரை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு இறக்கினான். பதினாறு வருஷத்துப் பழக்கம். எட்டாவது மீட்டரில் டேப் தளர்ந்தது. நின்றது.

பிறகு இழுத்தது.

வேகமில்லை. ஒரே சீராக. பத்து. பதினைந்து. பதினெட்டு. கிணற்றின் ஆழமே பதினெட்டுதான். இருபது. இருபத்தைந்து. முப்பதில் டேப் தீர்ந்தது. தோல்வார் மணிக்கட்டை அறுத்தது.

கீரை வாசனை.

டேப் இரண்டு தரம் வெட்டி இழுத்தது.

தூர் வாரக் கிணற்றில் இறங்கியவன் கயிற்றை இரண்டு தரம் இழுத்தால், தூக்கு என்று அர்த்தம். மேலே நிற்பவன் கேள்வி கேட்கக் கூடாது. இந்தப் பக்கத்தில் கீரை விற்கிறவளுக்கும் அது தெரியும்.

கை தானாகச் சுருட்டியது. கனம். ஓர் ஆளின் கனம். இருபது. பன்னிரண்டு. ஓவர்சியர் அளவு கேட்டார். ஏழு. மூன்று.

“யாராணு கீழ?” என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டே ஓவர்சியர் எட்டிப் பார்த்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

முதலில் தலை தெரிந்தது. நடுவகிடு எடுத்துப் படிய வாரிய தலை. அதில் கனகாம்பரம். மூன்று மாதம். பூ வாடவில்லை.

முகம் நிமிர்ந்தது. அது ஓவர்சியரைப் பார்க்கவில்லை.

சின்னையன் சுருட்டுவதை நிறுத்தினான். டேப்பைக் கைமேல் கை வைத்துப் பிடித்து அவள் ஏறுவது நிற்கவில்லை.