மூன்று இழுப்பு

இரண்டு தோள்பட்டையும் கழன்று விழுந்துவிடும்போல வலித்தது. ராத்திரி பூராவும் காந்தி மார்க்கெட்டில் வெங்காய மூட்டை இறக்கிவிட்டு முருகானந்தம் உறையூர் வீட்டுக்குள் நுழைந்தபோது மணி ஏழு. கைகால்கூடக் கழுவவில்லை. நேராகத் தம்பியின் அறைக்குப் போய், மேசைக்கடியில் சுவரோரமாக நின்ற கறுப்புப் பெட்டியின் பின்பக்கம் கையை விட்டுத் துழாவி, பென்டிரைவை அதில் கட்டியிருந்த சாண் நீள நைலான் கயிற்றைப் பிடித்து உருவினான்.

ஈரமாக இருந்தது.

அக்னி நட்சத்திரம். ஓட்டுக்கூரை காலையிலேயே காய ஆரம்பித்துவிட்டது. குழாயில் மூன்று நாளாகத் தண்ணீர் இல்லை. கை வேர்வைதான் என்று சொல்லிக்கொண்டு, லுங்கியில் அழுத்தித் துடைத்து, ஊதி, மறுபடி செருகிச் சுவிட்சைப் போட்டான். விசிறி உறுமியது. திரையில் வெள்ளை எழுத்தில் அதே ஒற்றை வரி.

"கிளம்புறதுக்கு ஒண்ணும் கிடைக்கலையாம் மாமா," என்று ஜோதி வாசித்துச் சொன்னாள். நாலு நாளாக இதையேதான் வாசிக்கிறாள்.

ஜோதி அவன் தம்பி ஜெயக்குமாரின் மனைவி. ஜெயக்குமார் செத்து நாற்பத்தொரு நாள். ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டுக் கொல்லைக் கிணற்றைத் தூர் வாரப் போன இடத்தில், டீசல் இன்ஜினைக் கிணற்றுக்குள்ளேயே இறக்கி ஓட்டியதில் புகை மூட்டிச் செத்தான். இறக்கச் சொன்னவன் காண்ட்ராக்டர் தர்மராஜ். அன்று காலை ஆறு மணிக்கு ஜெயக்குமாருக்குப் போன் போட்டுச் சொன்னான். இப்போது, அந்தப் பயல்களை நான் வேலைக்கே கூப்பிடவில்லை என்கிறான்.

ஜெயக்குமாரின் போன் கிணற்றோடு போயிற்று. ஆனால் அதில் பேசுகிற பேச்செல்லாம் தானாகப் பதிவாகி, வீட்டில் இருக்கும்போது இந்தப் பெட்டிக்குள் வந்து சேரும்படி அவன் செய்துவைத்திருந்தான். ஐடிஐ படித்தவன். பழைய கம்ப்யூட்டர் விற்கும் ஜெகபர் சாதிக்கிடம் கழித்துப்போட்ட ஒன்றை வாங்கித் தானே பூட்டிய பெட்டி அது. உள்ளே எவ்வளவு இருந்தாலும், பின்னால் செருகியிருக்கும் பென்டிரைவ் எழுப்பினால்தான் எழும். கருமாதியன்று கரண்ட் போனபோது அணைந்தது. அப்புறம் எழவில்லை.

இன்றைக்குப் பதினோரு மணிக்குத் தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை. தர்மராஜின் குரல் கையில் இல்லையென்றால் ஜோதிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒன்றும் கிடையாது. ஜெயக்குமார் தானாகப் போய் ஊரார் கிணற்றில் இறங்கிச் செத்த கிறுக்கன் ஆகிவிடுவான்.

முருகானந்தத்துக்குக் கொலைவெறியாக வந்தது. தர்மராஜ் மேல், அவனுடைய வெள்ளைச் சட்டை மேல், இந்தத் தகரப் பெட்டி மேல், சத்தமில்லாமல் அழுதுகொண்டே முந்தானையால் திரையைத் துடைக்கும் ஜோதி மேல். எட்டி உதைத்தால் என்ன என்று காலைக்கூடத் தூக்கினான்.

சாதிக் போனில் நிதானமாகச் சொன்னான். கரண்ட் போனதில் பெட்டிக்கு எல்லாம் மறந்திருக்கும். உள்ளே வாட்ச்சில் போடுகிற மாதிரி வட்டமாக ஒரு பேட்டரி இருக்கும், அதை மாற்றணும். பிறகு பென்டிரைவை முதலில் தேடு என்று புதிதாகச் சொல்லிக்கொடுக்கணும். அதற்கும் கேட்கவில்லையென்றால் பென்டிரைவ் செத்துப்போயிருக்கும்.

"செத்ததை எனக்கு யாரும் சொல்ல வேணாம் பாய். எழுப்புறதுக்கு வழி சொல்லு."

முக்குக் கடையில் பேட்டரி வாங்கிவந்து, பெட்டியை முன்னால் இழுத்துப் பக்கத் தகட்டைக் கழற்றியதும் வாடை வந்தது. தூசி வாடை இல்லை. கருகிய டீசலும், வெயிலே பார்க்காத அடிச்சேறும், அழுகிய இலையும், பாசி படிந்த செங்கல்லும் சேர்ந்து மூக்கின் அடியில் ஒட்டிக்கொள்கிற வாடை. மருங்காபுரிக் காட்டுக் கிணறுகளில் தொடங்கிப் பதினெட்டு வருஷக் கிணற்று வேலையில் அவன் குனிந்து குனிந்து முகர்ந்த வாடை. தகட்டின் உள்ளே, அடியில், சாம்பல் நிறத்தில் மெல்லிசாக ஒரு சேற்றுக் கோடு. தொட்டான். குளிர்ந்திருந்தது.

"என்ன மாமா அது?"

"எலி மூத்திரம்," என்று கட்டைவிரலால் வழித்து லுங்கியில் தடவினான்.

பேட்டரியை மாற்றிப் பெட்டியைத் திரும்பச் சுவரோரம் தள்ளினான். ஜோதி, சாதிக் சொல்லச் சொல்லப் பொத்தான்களை அழுத்தினாள். திரை இருண்டது. பிறகு கோடு கோடாக எழுத்து ஓட ஆரம்பித்தது, நிற்காமல் ஓடியது. ஜோதி வாயைப் பொத்திக்கொண்டாள்.

பதிவுகள் நாலாயிரத்துச் சொச்சம் இருந்தன. பெயர் கிடையாது, வெறும் நம்பர். தேடிக்கொண்டு உட்காராமல் மொத்தத்தையும் ஜோதியின் பென்டிரைவில் இறக்கிவிடச் சொன்னான் சாதிக். "ஒண்ணு மட்டும் அண்ணே. பின்னாடி இருக்கிறதை அசைச்சுடாதீங்க. இந்தத் தடவை எழுந்ததே பெருசு. உருவுனீங்கன்னா அத்தோட முடிஞ்சுது."

ஒன்பது பத்துக்கு, நூறில் பன்னிரண்டு பங்கு இறங்கியிருந்தது. முருகானந்தம் தரையில் உட்கார்ந்து, எதுவும் தட்டிவிடக் கூடாதென்று பெட்டியின் பின்னால் கையை அணைத்து வைத்துக்கொண்டான். பக்கத்து வீட்டுத் தறி தடக்குத் தடக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. திடீரென்று நின்றது. அப்போதுதான் விசிறியின் சத்தம் கேட்டது. பக்கத்திலிருந்து வரவில்லை. வெகு கீழேயிருந்து, வட்டமான சுவரில் மோதி மோதி ஏறிவருகிற இன்ஜின் சத்தம்.

கயிறு அவன் விரலில் பட்டிருந்தது. சும்மா பட்டிருந்தது.

அது அசைந்தது.

ஒரு இழுப்பு. இரண்டு. மூன்று.

கிணற்று வேலைக்காரனுக்கு இது பேச்சு. இன்ஜின் ஓடும்போது கத்தினால் மேலே கேட்காது. ஒரு இழுப்பு என்றால் கூடையை இறக்கு. இரண்டு என்றால் கூடையைத் தூக்கு. மூன்று என்றால் என்னைத் தூக்கு.

அன்றைக்கும், மேலே கயிற்றைப் பிடித்து நின்ற அவன் கைக்கு மூன்று வந்தது. யாருக்கும் தெரியாது, போலீசிடம் சொல்லவில்லை, ஜோதியிடம் சொல்லவில்லை. காலையில் அண்ணனுக்கும் தம்பிக்கும் சண்டை. நாளையிலிருந்து கிணற்று வேலைக்கு வரமாட்டேன், சாதிக் கடைக்குப் போகிறேன், உன்னை மாதிரி சேற்றில் கிடந்து சாக என்னால் முடியாது என்று தம்பி சொல்லிவிட்டான். அந்தச் சொல் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. இறங்கிக் கால்மணிகூட ஆகவில்லை, கயிறு மூன்று தடவை இழுபட்டது. அதற்குள் துரைக்கு வேர்த்துவிட்டதா? "இருடா," என்றான் முருகானந்தம். கையிலிருந்த பீடியை முடித்தான். கடைசி இழுப்புவரை முடித்தான். அப்புறம் தூக்கியபோது கயிறு லேசாக வந்தது. நுனியில் முடிச்சு மட்டும் இருந்தது.

ஒரு இழுப்பு. இரண்டு. மூன்று.

ஜோதி திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நாப்பத்தொண்ணு மாமா."

தூக்கினால் பென்டிரைவ் வந்துவிடும். பெட்டி செத்துவிடும். தர்மராஜ் சிரிப்பான். தூக்காவிட்டால்.

கயிறு விறைத்தது. அவன் விரலை அறுத்தது. ஈரம் மணிக்கட்டில் வழிந்தது.

"அறுபது."

ஒன்று, இரண்டு, மூன்று. நிதானமில்லை. அவசரம்.

"இருடா," என்றான்.

சொன்ன பிறகுதான் அதே சொல் என்று உறைத்தது.

"யாரை மாமா?"

"ஒண்ணுமில்லம்மா. நீ பாரு."

எண்பது. தொண்ணூறு. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கயிறு இழுத்தது. அவன் தூக்கவில்லை. கீழே யாரோ இருமினார்கள். அவன் தூக்கவில்லை.

ஜோதி ஒரு பதிவைத் திறந்து, இன்னொன்றைத் திறந்து, கடைசித் தேதியில் இருந்ததைத் திறந்தாள். தர்மராஜின் குரல் அறை முழுக்கக் கேட்டது. இன்ஜினை உள்ள இறக்கி ஓட்டுங்கடா, ஒண்ணும் ஆகாது. ஜோதி குலுங்கி அழுதாள். தன் பென்டிரைவைப் பிடுங்கிப் பர்சில் போட்டுக்கொண்டாள்.

"நீங்க வரலையா மாமா?"

"நீ முன்னாடி போம்மா. பின்னாடியே வரேன்."

கதவு சாத்திக்கொண்டது. செருப்புச் சத்தம் தெருவில் தேய்ந்தது.

முருகானந்தம் இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினான்.

சாண் கயிறு வந்தது. பென்டிரைவ் வரவில்லை. இன்னொரு சாண் வந்தது. நைலான் தடித்தது. விரல் பருமன். பிறகு கட்டைவிரல் பருமன். சேறு பூசிய வடக்கயிறு. அதன் மறுமுனையில் பாரம். மூட்டைப் பாரம் இல்லை, மூட்டை அசையாது. ஆள் பாரம்.

மேசைக்காலில் பாதத்தை முட்டுக்கொடுத்தான். கை மாற்றிக் கை. முழம் முழமாக. நாற்பதடிக் கிணறு அது. நாற்பதடி வந்தது. அறுபது வந்தது. ஈரக்கயிறு காலைச் சுற்றிக் குவிந்தது, முழங்காலைத் தொட்டது. பாரம் குறையவில்லை. விட்டால் விழுந்துவிடுவான். விடவில்லை.

மேசைமேல் போன் அடித்தது. ஜோதி. ஒரு கையை எடுக்க முடியாது. அடித்து ஓய்ந்தது. ஓட்டு இடுக்கு வெயில் சுவரைவிட்டுத் தரைக்கு இறங்கி, மறுபடி எதிர்ச்சுவரில் ஏறியது. உள்ளங்கைத் தோல் உரிந்தது. கயிறு வந்துகொண்டே இருந்தது.

நடுநடுவே நின்றது.

ஒன்று. இரண்டு. மூன்று.

தம்பிக்கு அவன் தரவேண்டியது ஒரே ஒரு தூக்கு. அது இன்னும் பாக்கி.