யானை வந்தது!

பல் டாக்டரை ஒரு பல்தான் கொன்றிருந்தது.

பளிங்கில் செய்த கடைவாய்ப் பல். ஒரு தேங்காய் அளவு இருக்கும். மேஜைமேல் அழகுக்காக வைத்திருந்தது. இப்போது தரையில், ரத்தத்தோடு கிடந்தது.

டாக்டர் நாற்காலியிலேயே கம்ப்யூட்டரின் மேல் கவிழ்ந்திருந்தார். பின்மண்டையில் ஒரே அடி.

"பல்லை யார் கண்டெடுத்தது?" என்று கேட்டாள் இன்ஸ்பெக்டர்.

"எந்தப் பல்லை மேடம்? அவர் வாயில இருக்கறதெல்லாம் அப்படியே இருக்கு" என்றார் எஸ்.ஐ.

இன்ஸ்பெக்டர் அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

எஸ்.ஐ.க்கு ஸ்டேஷனில் 'தூங்குமூஞ்சி' என்று பெயர். ராத்திரியெல்லாம் கம்ப்யூட்டரில் ராஜ்யம் ஆள்கிறவர். பகலில் மட்டும் போலீஸ்.

கிளினிக்குக்கு வார விடுமுறை. மாடியில் வீடு. டாக்டரின் மனைவி பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மதியம் சாப்பிட வந்தவள் கதவைத் திறந்தாள்... பார்த்தாள்... அலறினாள்!

அந்த அலறலில் எதிர்வீட்டு நாய் கட்டிலுக்கடியில் போய்ப் பதுங்கியது. இன்னும் வெளியே வரவில்லை.

உடலைப் பார்த்த போலீஸ் டாக்டர் கையுறையைக் கழற்றினார்.

"காலையிலேயே செத்துட்டார். டீச்சர் ஸ்கூலுக்குக் கிளம்பின கொஞ்ச நேரத்துலயே நடந்திருக்கணும்."

"நிச்சயமா?"

"மதியம் வரைக்கும் உயிரோட இருந்தார்னு யாராவது சொன்னா, அவங்களை என்கிட்ட அனுப்புங்க. கண்ணை டெஸ்ட் பண்ணி அனுப்பறேன்."

உடலை எடுத்துப் போனார்கள். திரை மட்டும் ஒளிர்ந்துகொண்டிருந்தது. எஸ்.ஐ. அதை எட்டிப் பார்த்தார். தூக்கம் பறந்துவிட்டது!

"மேடம்! மௌரியர்!"

"யாருய்யா அது? சந்தேக லிஸ்ட்ல சேர்த்துக்கோ."

"ஐயோ மேடம், இது கேம். பழைய கால சாம்ராஜ்யம் ஒண்ணை எடுத்து வளர்க்கணும். டாக்டர் மௌரிய சாம்ராஜ்யம். எதிராளி ரோமாபுரி. ஒருத்தர் நகர்த்தினதும் அடுத்தவர் நகர்த்தணும்."

"அப்புறம்?"

"மௌரியரை எடுத்தா பொறுமை வேணும் மேடம். மெதுவாத்தான் வளரும். கிணறு வெட்டணும், ஜனங்களைப் பெருக்கணும், மடம் கட்டணும். பாதி ஆட்டம் வரைக்கும் எல்லாரும் நம்மளைப் பார்த்துச் சிரிப்பாங்க. அப்புறம் யானைப்படை வரும். சிரிச்சவன் வாயை மூடிக்குவான்."

எஸ்.ஐ. மௌஸை நகர்த்தினார். கைரேகைக்காரர் தூவிய பவுடர் விரலில் ஒட்டியது. மறுகணம் அவர் முகம் மாறியது.

"மேடம்... கொஞ்சம் இடிக்குது."

"என்ன?"

"மௌரியர் இன்னிக்குப் போர் அறிவிச்சு, ரோமாபுரித் தலைநகரைப் பிடிச்சிருக்காங்க. எல்லாம் மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால!"

"அப்ப டாக்டர் செத்து வெகு நேரம் ஆயிருக்கணுமே!"

"ஆமாம் மேடம்."

"செத்தவன் எப்படிய்யா ஜெயிப்பான்?"

எஸ்.ஐ. யோசித்தார்.

"மௌரியர் ரொம்ப ஸ்ட்ராங் மேடம்."

வாசலில் கார் வந்து நின்றது. மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் மூச்சிரைக்க மாடியேறி வந்தார். டாக்டரின் சகலை. டீச்சரின் அக்காவைக் கட்டியவர். ஊரின் மறுகோடியில் வீடு.

"ஐயோ... சகலை! நம்பவே முடியல மேடம்! மதியம்வரைக்கும் நல்லாத்தானே இருந்தார்!"

இன்ஸ்பெக்டரின் புருவம் உயர்ந்தது.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தானே ரோமாபுரி! வீட்டுல உட்கார்ந்து இவரோடதான் விளையாடிட்டிருந்தேன். என் தலைநகரையே பிடிச்சார் மேடம்! கண் முன்னாடி இருக்கு!"

"வழக்கமாவே அவர்தான் முதல்ல போர் தொடுப்பாரா?"

"சேச்சே! பரம சாது. எனக்குக் குதிரையெல்லாம் பரிசா அனுப்புவார். இன்னிக்குத்தான் என்னவோ... திடீர்னு..."

சகலை துடைத்துக்கொண்டார். கண்ணை அல்ல. நெற்றியை.

அவர் சொல்வது உண்மையானால், போலீஸ் டாக்டர் சொன்னது பொய். போலீஸ் டாக்டர் சொன்னது உண்மையானால், வேறு யாரோ டாக்டரின் பெயரில் விளையாடியிருக்கிறார்கள்.

டீச்சர் சோபாவில் முந்தானையை வாயில் அழுத்தியபடி உட்கார்ந்திருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

"உங்களுக்கு இந்த கேம் தெரியுமாம்மா?"

"எனக்கு அதெல்லாம் ஒண்ணும் தெரியாது மேடம். அவர் யானை வச்சு ஏதோ விளையாடுவார்."

பதில் சட்டென்று வந்தது. கொஞ்சம் அதிகமாகவே சட்டென்று!

இன்ஸ்பெக்டர் கம்ப்யூட்டர்முன் உட்கார்ந்தாள். அவள் வாழ்நாளில் ஆடிய ஒரே விளையாட்டு கேரம். அதுவும் ஸ்ட்ரைக்கர் குழிக்குள்ளேயே விழும்.

"யோவ், இந்த யானையெல்லாம் எப்படி நகர்த்தறது?"

"மேடம்... இது சாட்சியம்..."

"சொல்லுய்யா."

எஸ்.ஐ. பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிக் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் யானைப்படையை மொத்தமாகக் கிளப்பினாள். பச்சைப் பசேலென்று தெரிந்த ஓர் இடத்தை நோக்கி ஓட்டினாள்.

ஒரு யானை இறங்கியது.

டீச்சர் சோபாவின் நுனிக்கு வந்தாள்.

இரண்டாவது யானை இறங்கியது.

டீச்சரின் வாயிலிருந்து முந்தானை விழுந்தது.

மூன்றாவது...

"ஐயோ! சதுப்பு நிலத்துல யானையை எறக்காதீங்க! அப்படியே மாட்டிக்கும்! முதல்ல வில்லாளிங்களை அனுப்புங்க! அறிவிருக்கா உங்களுக்கு?"



இன்ஸ்பெக்டர் நாற்காலியைத் திருப்பினாள்.

"அறிவு கொஞ்சம் இருக்கும்மா. இப்ப சொல்லுங்க."

டீச்சர் உடைந்து போனாள்.

"நான்தான் அவர் பேர்ல விளையாடினேன் மேடம்... ஸ்கூல்ல இருந்து... போன்ல."

"ஏன் மறைச்சீங்க?"

"பசங்களுக்குப் பரீட்சை வச்சிட்டு, நான் மேஜைக்கடியில போர் நடத்திட்டிருந்தேன்னு தெரிஞ்சா வேலை போயிடும் மேடம்!"

எஸ்.ஐ. அனுதாபத்தோடு தலையாட்டினார்.

"அவருக்கு இதெல்லாம் வராது" என்றாள் டீச்சர். "ஊர்ல எல்லார் பல்லையும் பிடுங்குவார். கேம்ல ஒரு சிப்பாய் செத்தா அன்னிக்கு சாப்பிட மாட்டார். தோத்துத் தோத்து மூஞ்சி தொங்கிப் போயிடும். அதனால அவருக்குத் தெரியாம, அப்பப்ப நான் ரெண்டு ஆட்டம் ஆடி சரி பண்ணிடுவேன். ஏதோ தானாவே நல்லது நடந்துடுச்சுன்னு நினைச்சுக்குவார். ஜெயிச்ச அன்னிக்கு வீட்டுல பாத்திரமெல்லாம் அவரே கழுவுவார் மேடம்..."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தலைநகரைப் பிடிச்சதும் சந்தோஷத்துல போன் பண்ணுவார்னு காத்திருந்தேன். வரல. அதான் மதியம் ஓடி வந்தேன்."

சகலை ஓர் அடி முன்னால் வந்தார். முகத்தில் புதிதாக ஒரு தெம்பு.

"மேடம்! அப்ப இவதான்! காலையில கிளம்பறதுக்கு முன்னாடியே அடிச்சுக் கொன்னுட்டு, அவர் உயிரோட இருக்கற மாதிரி காட்டத்தான் போன்ல விளையாடியிருக்கா!"

"அத்தான்!" டீச்சர் விக்கித்துப் போனாள்.

"லாஜிக்கா இருக்கு மேடம்" என்றார் எஸ்.ஐ.

இன்ஸ்பெக்டர் எழுந்தாள். மெதுவாக டீச்சரிடம் போனாள். கையை நீட்டினாள்.

விலங்குக்காக அல்ல.

"உங்க போனைக் கொடுங்கம்மா. இந்த கேம்ல எதிராளியோட பேசிக்க முடியுமா?"

"முடியும். எழுதி அனுப்பலாம். இன்னிக்கு அத்தான் என்னென்னவோ அனுப்பினார். தோக்கற கோபம்னு நினைச்சேன்."

சகலையின் தெம்பு வந்த வழியே போனது.

இன்ஸ்பெக்டர் போனைப் பார்த்து நிதானமாகப் படித்தாள். பள்ளி வருகைப் பதிவு வாசிக்கும் குரல்.

"ரோமாபுரி கேக்குது: 'யார் இது?' மௌரியர் பதில்: 'நான்தான் சகலை.' ரோமாபுரி: 'நீ செத்துட்டே!' மௌரியர்: 'இனிமேதான் ஆரம்பம்.'"

"விளையாட்டுப் பேச்சு மேடம்!" சகலையின் குரல் கீச்சிட்டது. "தோத்துட்டேங்கறதைத்தான் செத்துட்டேன்னு சொல்லுவோம்! வழக்கம் அது!"

"அப்படியா? இன்னும் ஒண்ணு இருக்கே. இதைப் பார்த்தீங்களாம்மா?"

"இல்ல மேடம். அப்ப பெல் அடிச்சுடுச்சு. பேப்பர் வாங்கப் போயிட்டேன்."

"நான் படிக்கறேன். 'பொய்! மூக்குல விரல் வச்சுப் பார்த்தேனே... மூச்சே இல்லையே!'"



"கேம்ல யார் மூக்குல விரல் வச்சீங்க? யானைக்கா?"

சகலை வாசலைப் பார்த்தார். வாசலை அடைத்துக்கொண்டு எஸ்.ஐ. நின்றிருந்தார். கொட்டாவி விட்டபடி. ஆனால் உறுதியாக.

சகலை அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"போன மாசம்... என் கார்ல ஒரு பெரியவரை இடிச்சுட்டேன். நிறுத்தாம வந்துட்டேன். சகலை பக்கத்துல இருந்தார். அவருக்குத் தூக்கமே வரலையாம். 'இன்னிக்குப் போலீஸ்ல சொல்லப் போறேன், நீயும் வா'ன்னு காலையில கூப்பிட்டார். வந்தேன். கெஞ்சினேன். கேக்கல. திரும்பி உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் போட்டுட்டார். பல்லு கைக்கெட்டற தூரத்துல இருந்தது..."

"அப்புறம்?"

"வீட்டுக்குப் போய் நானும் கேமைத் திறந்தேன். காலையில வீட்டுல விளையாடிட்டிருந்தேன்னு காட்டணுமில்ல? என் ஆட்டத்தை ஆடிட்டு உட்கார்ந்திருந்தேன். எதிர்ப்பக்கத்துல இருந்து ஒண்ணும் வராதுன்னு தெரியும். ஆனா..."

சகலை திரையைக் காட்டினார்.

"யானை வந்தது மேடம்!"

கான்ஸ்டபிள் விலங்கை மாட்டினார்.

டீச்சர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோட்டைமேல் மௌரியக் கொடி பறந்துகொண்டிருந்தது.

"அப்ப... ஜெயிச்சதை அவர் பார்க்கவே இல்லையா?"

எஸ்.ஐ. குனிந்து, சதுப்பிலிருந்த யானைகளை ஒவ்வொன்றாக மேட்டுக்கு ஏற்றிவிட்டார். பிறகு திரையை அணைத்தார்.

படியிறங்கும்போது இன்ஸ்பெக்டருக்கு ஒரு சந்தேகம்.

"ஏன் சார், கொன்ன ஆளே எழுந்து வந்து போர் தொடுக்கறார்னு பயந்து நடுங்கியிருக்கீங்க. கம்ப்யூட்டரை மூடிட்டு ஓடியிருக்கலாமே? தலைநகர் விழற வரைக்கும் ஏன் உட்கார்ந்திருந்தீங்க?"

சகலை நின்றார். முதல் தடவையாக அவர் குரலில் ரோஷம் எட்டிப் பார்த்தது.

"பாதியில எழுந்து போனா தோத்ததா கேம்ல எழுதிடுவான் மேடம்!"

இன்ஸ்பெக்டர் எஸ்.ஐ.யைப் பார்த்தாள்.

"அது நியாயம்தான் மேடம்" என்றார் எஸ்.ஐ.