தூருன் சொல்லச் சொல்ல

தூருனுக்குக் காது நினைவிருந்தது. அங்கேதான் மாரித்துக்கு முதலில் இடறியது.

காவல்துறைக்காக முகம் வரைவதுதான் மாரித்தின் பிழைப்பு. கடையை உடைத்தவன், கத்தியால் குத்தியவன், தாடிக்காரன், மொட்டையன் என்று எத்தனையோ பேர் அவள் பென்சிலில் வந்து போயிருக்கிறார்கள். ஒரு சாட்சிகூடக் காதை உருப்படியாகச் சொன்னதில்லை. கண்ணைச் சொல்வார்கள், மூக்கைச் சொல்வார்கள், காதென்று கேட்டால் திருதிருவென்று முழிப்பார்கள். தூருனோ, இடது காது மடல் கன்னத்தோடு ஒட்டியிருந்தது, மேல் விளிம்பில் சின்னதாக ஒரு வெட்டு என்று, எதிரில் இருப்பதைப் பார்த்து ஒப்பிப்பதுபோல் சொன்னாள்.

வேறொரு நாளாக இருந்தால் மாரித் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு யோசித்திருப்பாள். இன்று யோசிக்க நேரமில்லை. காணாமல் போயிருப்பது அவள் மகன். ஆறு வயது சிந்த்ரே, பள்ளி விட்டு, தூருன் ஓட்டும் பேருந்தில் யாரோ ஒரு ஆளின் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவன், கடைசி நிறுத்தத்தில் அந்த ஆளோடு இறங்கினான். வீடு வந்து சேரவில்லை. தன் பிள்ளைக்காகத் தானே வரையக் கூடாது என்பது விதி. ஆனால் பனிப்புயலில் ஓஸ்லோவிலிருந்து வேறு ஓவியரைக் கொண்டுவரும் விமானம் கிளம்பவில்லை, ஊருக்கு வரும் பாலத்தையும் மூடிவிட்டார்கள். ஊர்க்காரர்கள் விளக்குகளோடு கடலோரம் தேடிக்கொண்டிருந்தார்கள். அதிகாரி போனில் சொன்னது இவ்வளவுதான்: "முகம் கெடைச்சா எல்லாருக்கும் அனுப்பிடலாம், மாரித். வேற வழியில்ல. நீயே உக்காரு."

ஆகவே அவளுடைய சமையலறையிலேயே உட்கார்ந்தார்கள். தூருன் ஜன்னலைப் பார்த்தபடி, மாரித் ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடி. சூரியன் எட்டிப் பார்த்தே வாரக்கணக்காகிவிட்ட வடகோடிக் குளிர்காலம், பிற்பகலிலேயே வெளியே கும்மிருட்டு. காப்பி ஆறிப்போய்க் கசப்பாக வாசமடித்தது. ஹீட்டரின் மேல் சிந்த்ரேயின் ஒற்றைச் சிவப்புக் கையுறை காய்ந்து, சூடேறிய கம்பளி வாடையைக் கிளப்பியது. காலையில் ஒன்றை மட்டும் மாட்டிக்கொண்டு, இதை மறந்துவிட்டு ஓடியிருந்தான். அந்தப் பக்கம் கண் போகாமலிருக்க மாரித் தாளையே பார்த்தாள். எப்படியும் சாட்சி பேசும்போது அவள் தலை நிமிர்வதில்லை. வரைகிறவளின் முகம் மாறினால் சாட்சியின் நினைவும் மாறிவிடும்.

எல்லாச் சாட்சிகளிடமும் சொல்வதைத் தூருனிடமும் சொல்லியிருந்தாள். "அந்த ஆள் உங்க முன்னாடியே வந்து நிப்பான். பயப்படாதீங்க, அது வெறும் நெனப்பு. நிறுத்தாம, தெரியறதைத் தெரியறபடி சொல்லிக்கிட்டே இருங்க."

"கன்னம்?"

"ஒட்டிப்போயிருக்கு. நரைச்ச தாடி. ஈரமா இருக்கு." தாமதமாக வருகிறவர்களைப் பேருந்தே சிரிக்கும்படி திட்டுகிற குரல் அவளுடையது. அது இப்போது முனகலாகியிருந்தது. "ஏன் மாரித், இவ்ளோ தெளிவாவா தெரியும்?"

"தெரியும். விட்டுடாதீங்க. உயரம்?"

"பஸ்ல ஏறும்போது தலை மேல இடிச்சுது. ஆனா இப்ப குட்டையா தெரியறான்."

உயரத்தில் எல்லாச் சாட்சிகளும்தான் தடுமாறுவார்கள். மாரித் காதோரத்தை அழுத்தி வரைந்தாள். முதுகில் குளிர் ஏறியது. ஜன்னல் இடுக்கில் வரும் காற்று என்று சொல்லிக்கொண்டாள். கண்ணாடியில் ஏதோ உரசியது. பனியாக இருக்கும்.

"கண்ணு?"

"வெளுத்துப்போய். இமைக்கவே இல்ல." தூருனுக்கு மூச்சு வாங்கியது. "போதும் மாரித். வேணாம்."

"வெறும் நெனப்புதான், தூருன். எனக்கு என் பிள்ளை வேணும். உங்க கால்ல வேணா விழறேன், சொல்லுங்க."

வாய் மட்டும்தான் பாக்கி.

"வாய்?"

நாற்காலி தரையைக் கீறியது. தூருன் பின்னால் நகர்ந்தாள்.

"அசையுது."

"என்ன சொல்றான்?"

"அம்மான்னு சொல்றான்."

மாரித் நிமிர்ந்தாள். தூருனின் பார்வை அவள் மேல் இல்லை. அவள் தோளைத் தாண்டி ஜன்னலில் இருந்தது.

திரும்பினாள். இருட்டு. கண்ணாடியின் கீழ் மூலையில், வெளிப்பக்கம், மூச்சுப் பட்ட ஒரு வட்டம். மெல்லச் சுருங்கி மறைந்தது.

வாசல் கதவு தட்டப்பட்டது.

"அம்மா. குளிருதும்மா."

சிந்த்ரேயின் குரல்.

"திறக்காத," என்றாள் தூருன். "ஜன்னல்ல நின்ன அந்தாளுதான் அம்மான்னு சொன்னான். நான் பாத்தேன். திறக்காத மாரித்."

மாரித் அதை நம்பினாள். நம்பியும் கால் நிற்கவில்லை. ஒருவேளை அவனாக இருந்துவிட்டால்? பெற்ற வயிறு அதற்கு மேல் கேட்கவில்லை. தாளைப் பிடித்த கையோடு தாழ்ப்பாளை நீக்கினாள்.

படியில் பனி. சிந்த்ரேயின் நீலக் கோட்டு. அவன் பூட்ஸ். அவன் உயரம். ஒரு தோளில் சரிந்து தொங்கும் பள்ளிப்பை. ஒரு கையில் மட்டும் சிவப்புக் கையுறை.

தொப்பிக்குக் கீழே தாளில் இருந்த முகம். ஒட்டிய கன்னம். நரைத்த தாடி. வெட்டுப்பட்ட காது.

வரையாமல் விட்ட வாயை அப்போதுதான் பார்த்தாள். சின்னஞ்சிறு வாய். முன்னால், போன வாரம் விழுந்த பால்பல்லின் இடைவெளி.

"இன்னொண்ணு எங்கம்மா?" என்று கேட்டு, அது கையுறை இல்லாத கையை அவளிடம் நீட்டியது.