திரும்பிப் பார்க்காத ஏழு கிலோமீட்டர்

மணி சீக்கிரம் அடித்துவிட்டது.

எவ்லின் அதைக் கவனித்தாள். கவனித்துவிட்டுச் சும்மா இருந்தாள். கார்கள் நுழையாமல் இருக்க, பாதையின் குறுக்கே இரண்டு பாறைகளும் நடுவில் பூட்டுப் போட்ட இரும்புக் கம்பியும் இருந்தன. கம்பிக்கும் பாறைக்கும் இடையில் ஒரு சைக்கிள்தான் போகும், அதுவும் பின்சக்கரத்தில் இருபுறமும் பை தொங்கினால் இறங்கி, வயிற்றை எக்கிக்கொண்டு தள்ளித்தான் போக வேண்டும். பின்னால் வரும் அவள் புருஷன் ஆர்மானுக்கு இருபது எண்ணும் நேரமாவது ஆகும். அவன் வயிறு அப்படி. ஆனால் அவள் ஏறி உட்கார்ந்து மூன்று மிதிகூட மிதிக்கவில்லை, பின்னால் ட்ரிங், ட்ரிங்.

இரண்டு அடித்தால், தாண்டிவிட்டேன், போ. மூன்று அடித்தால், நில். முப்பது வருடமாகப் பாரம் ஏற்றிக்கொண்டு சைக்கிளில் ஊர் சுற்றும் புருஷன் பெண்டாட்டியின் ஒப்பந்தம் அது. அவள் முன்னால் போவாள், அவன் பின்னால் வருவான். அவன் மணி அவனுடைய அப்பாவின் சைக்கிளில் இருந்த பித்தளை மணி. பிரான்சின் இந்தப் பர்கண்டிப் பக்கம் முழுக்கத் தேடினாலும் அப்படித் தொண்டை கட்டிய மணி இன்னொன்று கிடைக்காது. அதனால் அவன்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை.

மற்ற நாளாக இருந்தால் திரும்பிப் பார்த்திருப்பாள். இன்று காலை ரொட்டிக்கடை வாசலில் சண்டை. ஏப்ரலில் அவன் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். மேடு கூடாது, கார் புகை கூடாது, அவசரம் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் இந்தப் பாதையைத் தேர்ந்தெடுத்திருந்தாள். தண்டவாளத்தைப் பிடுங்கி ஐம்பது வருடமான பழைய ரயில் தடம், உள்ளங்கைபோலச் சமம். ஆனாலும் நேற்று முழுக்க அவள் நிமிடத்துக்கு ஒரு தரம் திரும்பியபடியே வந்தாள்.

“இப்படித் திரும்பித் திரும்பிப் பார்க்காத எவ்லின். செத்துட்டேனான்னு பார்க்குற மாதிரியே இருக்கு,” என்றான் கடைவாசலில், ரொட்டி வாங்க வந்தவர்கள் முன்னாலேயே.

“சரி சாமி. இன்னைக்குப் பூரா திரும்பவே மாட்டேன். மணி அடி, அது போதும்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

கோபத்தில் சொன்ன சத்தியம்தான். ஆனால் எவ்லின் சொன்னால் சொன்னதுதான். அந்த வீம்பைக் கட்டிக்கொண்டே ஐந்து கிலோமீட்டர் வந்து, ரயில் ஓடிய காலத்தில் கேட்காரர் குடியிருந்த பழைய கேட் வீட்டின் முன் இருந்த இந்தத் தடுப்பையும் தாண்டியிருந்தாள்.

அக்டோபர் மூடுபனி மணி பன்னிரண்டை நெருங்கியும் விலகவில்லை. இடப்புறம் அறுவடை முடிந்த திராட்சைத் தோட்டம் ஒரு வரிசை தெரிந்து அடுத்த வரிசை காணாமல் போனது. எங்கோ காய்ந்த கொடிகளை எரிக்கும் புகை, ஈர இலையின் நாற்றம், காளான் வாடை. மேட்டின்மேல் எண்ணூறு வருடத்துத் தேவாலயத்தின் கோபுரம் மட்டும், கீழே எதுவும் இல்லாமல் தனியாக நின்றது. சாலைகள் தூரத்தில். லாரி இல்லை, மோட்டார் சைக்கிள் இல்லை, நாய்கூட இல்லை. அவளுடைய சக்கரம் நனைந்த சரளையை அரைக்கும் சத்தம் மட்டும் சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது.

ஒரு சைக்கிளின் சத்தம்.

அதை அவள் மெதுவாகத்தான் உணர்ந்தாள். மிதிப்பதை நிறுத்தி உருள விட்டுக் காது கொடுத்தாள். பின்னால் சரளை அரைபடவில்லை. சங்கிலிக்கு எண்ணெய் போடச் சொல்லி வாரக்கணக்கில் கெஞ்சியும் அவன் போடாததால் எழும் அந்தக் கிறீச்சொலியும் இல்லை.

“ஆர்மான்?”

“போ போ. வர்றேன்.”

அவன் குரல்தான். பக்கத்தில்தான். அவளுக்கு மூச்சு வந்தது. தன்னையே திட்டிக்கொண்டாள்.

அடுத்த தடுப்பிலும் அப்படியே. இவள் தாண்டிய கையோடு ட்ரிங், ட்ரிங். இருபது எண்ணவில்லை. ஒன்றுகூட எண்ணவில்லை.

“வெயிட் குறைஞ்சிருச்சா உனக்கு?” என்று கேலியாகக் கேட்டாள்.

“போ போ. வர்றேன்.”

கேலி செய்தால் திருப்பி ஒன்று கொடுக்காமல் விடுகிறவன் இல்லை ஆர்மான். அதே இரண்டு சொல். அதே ஏற்ற இறக்கம். திரும்பலாம். சத்தியம் என்ன பெரிய சத்தியம்? ஆனால் கழுத்து வரவில்லை. திரும்பினால் என்ன தெரியும் என்பதைவிட, என்ன தெரியாது என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது.

அப்போது சுரங்கம் வந்தது.

நீராவி ரயில் போன காலத்தில் மலையைக் குடைந்தது. கூரையில் இன்னும் கரி. ஆள் போனால் எரிந்து, பத்து எண்ணுவதற்குள் அணைந்துவிடும் விளக்குகளை இருபது அடிக்கு ஒன்றாகப் பொருத்தியிருந்தார்கள். அவள் நுழைந்ததும் முதல் விளக்கு எரிந்தது. பிறகு அடுத்தது. குளிர்ந்த கல்லின் வாடையும் வௌவால் எச்சத்தின் நெடியும் முகத்தில் அடித்தன. தாண்டிய விளக்குகளின் வெளிச்சத்தில் அவளுடைய நிழல் முன்னால் நீண்டு விழுந்தது.

பத்து எண்ணுவதற்குள் அந்த நிழல் மங்கி அழிந்தது. அடுத்த விளக்கின் நிழல் வந்தது. அதுவும் அழிந்தது.

அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. அவளுக்குப் பின்னால் ஒரு சைக்கிள் வந்தால், பின்னால் இருக்கும் விளக்குகள் அணையக் கூடாது.

அணைந்துகொண்டிருந்தன.

ட்ரிங், ட்ரிங்.

காதுக்குப் பக்கத்தில்.

“ஆர்மான்!” என்று கத்தினாள். அந்தப் பெயர் சுவரில் மோதி, மோதி, நெடுநேரம் திரும்பி வந்தது.

“போ போ. வர்றேன்.”

இதற்கு எதிரொலி இல்லை.

மிதித்தாள். தொடை எரிய, வாய் உலர மிதித்தாள். வெளிச்சம். இன்னொரு வெளிச்சம். பிறகு சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம். பனி. சரளை. வெளியே.

காலை ஊன்றி நின்று, ஒருவழியாகத் திரும்பினாள். சுரங்கத்தின் வாய் கறுப்பாகத் திறந்திருந்தது. ஒரு விளக்கும் எரியவில்லை. யாரும் இல்லை.

சிக்னல் கிடைத்ததும் போன் அதிர்ந்தது. தவறிய அழைப்புகள் ஒன்பது. எல்லாம் ஆர்மானின் எண். பத்தாவதை எடுத்தாள்.

“மதாம் எவ்லின்தானே? அப்பாடா, எடுத்தீங்களே!” பெண் குரல். “நான் கேட் வீட்டுல குடியிருக்கறவ. உங்க வீட்டுக்காரர் என் பெஞ்சுல படுத்திருக்காரு. நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு அந்தப் பாறைகிட்டயே விழுந்துட்டாரு மதாம். மூணு மூணா மணி அடிச்சாரு. நானும் கத்துனேன். நீங்க திரும்பவே இல்லையே!”

அவளுக்கு இரண்டுதான் கேட்டது. இரண்டுதான்.

“ஆம்புலன்ஸ்?”

“வந்துருச்சு. ரோட்டு முனையில நிக்குது. வழியில போட்டிருக்கற கம்பிக்குச் சாவி மேயர் ஆபீஸ்ல இருக்கு. பன்னண்டுக்குச் சாப்பாட்டுக்குப் பூட்டிட்டுப் போயிட்டாங்க. ரெண்டுக்குத்தான் தொறப்பாங்க. ஸ்ட்ரெச்சரைத் தூக்கிட்டு மூணு கிலோமீட்டர் நடந்து வர்றாங்களாம், இந்தப் பனியில. ஏதோ ஸ்பிரே, நாக்குக்கு அடியில அடிக்கறது, உங்க பையில இருக்காமே? அதைத்தான் கேட்டுக்கிட்டே இருக்காரு.”

இருந்தது. முன்பையில், வரைபடத்துக்கு அடியில். அவன் தொலைத்துவிடுவான் என்று அவள்தான் பிடுங்கி வைத்திருந்தாள். எடுத்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள்.

“சொல்லுங்க அவர்ட்ட. இதோ வர்றேன்னு சொல்லுங்க. ஏழு கிலோமீட்டர்தான். போனை வெச்சிடாதீங்க.”

“வெக்க மாட்டேன். பெஞ்சுலயே, அவர் தலைமாட்டுல வெக்கறேன்.”

சைக்கிளைத் திருப்பினாள். கேட் வீட்டுக்கு வேறு வழி இல்லை. அந்தச் சுரங்கம்தான் வழி. அதற்குள் என்ன இருந்தாலும் சரி, அவனிடம் போயாக வேண்டும்.

அவள் மிதியில் கால் வைக்கும் முன்னரே முதல் விளக்கு எரிந்தது.

பிறகு அடுத்தது. அதற்கடுத்தது. ஒவ்வொன்றாக, உள்நோக்கி, ஒருவர் சைக்கிளில் போகும் வேகத்தில் எரிந்துகொண்டே போயின. வெளிச்சத்துக்குக் கீழே யாரும் இல்லை. ஆனால் எண்ணெய் போடாத சங்கிலியின் கிறீச்சொலி இப்போது தெளிவாகக் கேட்டது. அது போனது, ஆர்மான் இருக்கும் பக்கமாக. போகப் போக வேகம் கூடியது. கடைசி விளக்கு ஒரு புள்ளியாகி அணைந்தது.

எவ்லின் உள்ளே பாய்ந்தாள். பத்து அடி. இருபது அடி. தலைக்கு மேல் விளக்கு எரியவில்லை. இறங்கிக் கையை ஆட்டினாள். துள்ளினாள். சுவரில் அறைந்தாள். இருட்டு அப்படியே இருந்தது. விளக்குகளின் கணக்கில் அங்கே ஆள் யாரும் இல்லை.

கையில் இருந்த போனில் கேட் வீட்டுக்காரியின் குரல், சற்றுத் தள்ளி, சந்தோஷமாக:

“அட, வந்துட்டாங்களே! என்ன மதாம், பறந்து வந்தீங்களா? மிஸ்யே, கண்ணைத் தொறங்க. உங்க வீட்டம்மா வந்தாச்சு பாருங்க.”

“அது நான் இல்ல!” எவ்லின் அலறினாள். “ஆர்மான்! அது நான் இல்ல!”

அந்தப் பக்கம் யாருக்கும் கேட்டதாகத் தெரியவில்லை. ஆர்மானின் மூச்சு போனுக்குப் பக்கத்தில் சீழ்க்கையாய் இழுத்தது. அதற்கு நடுவில், அவளை ரொட்டிக்கடையில் கடிந்த அதே வாயால், குழந்தைபோலச் சொன்னான்.

“ஒருவழியாத் திரும்பிப் பார்த்தியா…”

“பார்த்தேன்,” என்றது அவளுடைய குரல். “வாயத் தொற, ஆர்மான். நாக்கைத் தூக்கு.”

ஸ்பிரே அவள் உள்ளங்கையில், அவள் விரல்களுக்குள், சில்லென்று இருந்தது. முப்பது வருடத்தில் மருந்து விஷயத்தில் மட்டும் அவன் அவள் பேச்சைத் தட்டியதில்லை. அவன் வாயைத் திறக்கும் சத்தம் அவளுக்குக் கேட்டது.

பிறகு மூச்சு கேட்கவில்லை.

ட்ரிங், ட்ரிங்.