முதற்படி ஊகிக்காத பதில்

ஆண்டுக்கொரு முறை நடக்கும் ஒப்புநோக்குத் தேர்வுக்கு மரகதவல்லி ஒன்பதாவது தடவையாக வந்திருந்தாள். மருத்துவமனையில் உதவியாளர் வேலையை முடித்துவிட்டு நேரே வந்ததில் கால்கள் கடுத்தன.

பாடம் படிப்பது இப்போது யாருக்கும் பெரிய காரியமில்லை. அறிவேற்றக் கூடத்தில் அரை நாள் படுத்திருந்தால் செவிலியர் படிப்பு முழுவதும் தலைக்குள் இறங்கிவிடும். பட்டம் அதற்கில்லை. பல்கலைக்கழகத்தில் சேரும் நாளில் மாணவரின் மனத்தை அப்படியே நகலெடுத்து வைப்பார்கள். அதற்கு முதற்படி என்று பெயர். ஆண்டுதோறும் அதை எழுப்பி உங்களைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்பார்கள். உங்கள் பதிலை ஒன்றிலாவது அது தவறாக ஊகித்தால், நீங்கள் புது ஆளாக உருவாகிவிட்டீர்கள் என்று பொருள்; அதற்குத்தான் பட்டம்.

வசதியுள்ளவர்கள் தேசம் தேசமாகச் சுற்றி, மூன்றே ஆண்டில் வேறு ஆளாகித் திரும்பினார்கள். மரகதவல்லி படுக்கையில் கிடந்த அண்ணனுக்குக் கஞ்சி ஊட்டினாள். எட்டு முறையும் முதற்படி அவளைப் பிசகாமல் சொல்லிவிட்டது.

இன்றும் இரண்டு கேள்விகள் அப்படியே போயின. தேர்வாளர் பெனடிக்ட் கொட்டாவியை அடக்கிக்கொண்டு மூன்றாவதைக் கேட்டார்.

"போன வருஷத்துல இவங்க ரொம்ப நிம்மதியா இருந்த நாள் எது?"

திரையில் பத்தொன்பது வயது மரகதவல்லி யோசிக்கவே இல்லை. "அண்ணன் எழுந்து நடந்த நாளாத்தான் சார் இருக்கும். வேற என்ன நிம்மதி இருக்கு?"

பெனடிக்ட் இவள் பக்கம் திரும்பினார்.

"அண்ணனை எரிச்சதுக்கு மறுநாள்," என்றாள் மரகதவல்லி. "விடிஞ்சும் படுத்தே கிடந்தேன். யாரும் கூப்பிடல."

பெனடிக்ட் இரண்டு பதில்களையும் ஒப்பிட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு, "தேறிட்டீங்க மேடம். வாழ்த்துகள்," என்றார்.

"அக்கா," என்றது திரை. தன்னையே எப்படிக் கூப்பிடுவது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. "அண்ணன் செத்துட்டானா?" கேட்கும்போதே விசும்பத் தொடங்கிவிட்டாள்.

தேறியவரின் முதற்படியை உடனே அழித்துவிட வேண்டும் என்பது விதி. பெனடிக்டின் விரல் பொத்தானை நோக்கிப் போனது.

"பத்து நிமிஷம் பொறுங்க சார்."

"எதுக்கு மேடம்? அழிச்சா அந்த அழுகையும் போயிடும்."

"தெரியும் சார்."

நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டாள். தன் கண்களில் ஒரு சொட்டும் வரவில்லை என்பதை அலுப்போடு உணர்ந்தாள்.

"வலி இல்லாமத்தான் போனான். கடைசி வரைக்கும் என் கையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தான்."

உண்மையில் அவள் அன்று வேலையில் இருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்தான் தகவல் சொன்னார். பத்தொன்பது வயதில் அவளுக்குப் பொய் சொல்ல வராது. அதனால் அந்தப் பெண் அப்படியே நம்பினாள். விசும்பல் மெல்ல அடங்கியது.

"இப்ப அழிச்சிருங்க சார்," என்றாள் மரகதவல்லி.